காணாமல் போன 240 மில்லிலிட்டர்

இயந்திரப் பொறியியல் படிக்கும் எங்களுக்கு இரண்டாம் ஆண்டு முடிவில் பத்து வாரத் தொழிற்பயிற்சி கட்டாயம். வகுப்புத் தோழர்கள் பலர் பினாங்கிலும் சிலாங்கூரிலும் உள்ள பெரிய தொழிற்சாலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பேராக் மாநிலத்தில் லுமுட்டுக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக இருக்கும் ஒரு சிறிய படகுப் பட்டறைக்குப் போனேன். வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். வாடகைக்கு அறை தேட வேண்டியதில்லை. அதுதான் உண்மையான காரணம். கடல்மீது எனக்குச் சிறு வயதிலிருந்தே தீராத ஈர்ப்பு என்று விண்ணப்பத்தில் எழுதியது வேறு கதை.

அந்தப் பத்து வாரத்தில் பெரிய வேலைகள் பலவற்றைப் பார்த்தேன். முழு எஞ்சினையே சங்கிலி போட்டுத் தூக்கியதைப் பார்த்தேன். வளைந்த சுழல்தண்டை மாற்றியதைப் பார்த்தேன். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, ஒரு படகிலிருந்து பயணத்துக்கு ஒரு குவளை அளவில் காணாமல் போய்க்கொண்டிருந்த கூலண்ட்தான்.

படகு 34 அடி நீளம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டிய மலாய்க்காரர். நாங்கள் பாக் சிக் என்று அழைப்போம். தூண்டில் போட வரும் ஆட்களை, பங்கோருக்குத் தெற்கே உள்ள செம்பிலான் தீவுகள் பக்கம் ஏற்றிச் செல்வது அவர் தொழில். ஒரு பயணத்துக்கு எட்டுப் பேர்வரை வருவார்கள். அவர் கொண்டுவந்த புகார் விசித்திரமாக இருந்தது. எஞ்சின் சூடாகவில்லை. புகை இல்லை. சத்தத்தில் மாற்றம் இல்லை. ஆனால் இரண்டு பயணத்துக்கு ஒருமுறை, சின்ன மினரல் தண்ணீர் போத்தல் அளவுக்குக் கூலண்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை.

ஜெட்டியில் அவருக்கு மூன்று யோசனைகள் கிடைத்திருந்தன. ஒருவர், கசிவை அடைக்கும் தூளை வாங்கிக் கூலண்டில் கலந்துவிடச் சொன்னார். இன்னொருவர், 'ஹெட் கேஸ்கெட்' போய்விட்டது, எஞ்சின் தலையைக் கழற்றியே ஆக வேண்டும் என்றார். மூன்றாமவர், குறைய குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள், அரை லிட்டர் கூலண்ட் என்ன பெரிய விலையா என்றார். பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. வார இறுதிகள் எல்லாம் முன்பதிவாகியிருந்தன. எஞ்சின் தலையைக் கழற்றினால் அந்த வருமானம் போகும். அதனால் மூன்றாவது யோசனைதான் பாக் சிக்குக்குப் பிடித்திருந்தது. அவர் நிலையில் இருந்தால் எனக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

இரண்டு தண்ணீர்

காரில் ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினின் சூட்டைக் கூலண்ட் எடுத்துவர, முன்னாலிருந்து வீசும் காற்று அதைக் குளிர்விக்கிறது. படகின் உள்ளே மூடிய அறையில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்குக் காற்று ஏது? கடல்தான் அதன் காற்று. படகின் அடியில் உள்ள வால்வு வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. வடிகட்டியைத் தாண்டி, ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் சுழலும் பம்பு அதை இழுத்து வெப்பமாற்றிக்குத் தள்ளுகிறது. வெப்பமாற்றி என்பது ஒரு உருளை. அதற்குள் பென்சிலைவிட மெல்லிய செப்பு-நிக்கல் குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கும். குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும். வெளியே சுற்றிச் சூடான கூலண்ட் ஓடும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். வேலை முடிந்த கடல்நீர், புகைப்போக்கிக் குழாயில் பீய்ச்சப்பட்டு, புகையோடு சேர்ந்து படகின் பின்பக்கமாக வெளியேறிவிடும்.

கூலண்ட் மட்டும் வெளியே போகவே கூடாது. அது மூடிய சுற்று. பாதித் தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால், அதோடு துருவைத் தடுக்கும் மருந்துகள். பனியே பெய்யாத நம் நாட்டில் உறையாமல் காக்கும் திரவம் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. நமக்கு வேண்டியது மறுமுனை. இந்தக் கலவை ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மேலே உள்ள அழுத்த மூடி, பிரஷர் குக்கர் மூடியைப்போல, 0.9 பார்வரை அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கொதிநிலை இன்னும் இருபது டிகிரிக்கு மேல் உயர்கிறது. குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்தால் அம்மா சோறு வேகவில்லை என்று புலம்புவாரே, அதே கணக்குத்தான். எங்கேயோ ஒரு சிறு துளை இருந்தால் கூலண்ட் மட்டுமல்ல, அந்த அழுத்தமும் போய்விடும்.

"மானி 80-தான் காட்டுது, அப்புறம் என்ன பயம்?" என்று பாக் சிக் மலாயில் கேட்டபோது, பட்டறையின் மூத்த மெக்கானிக் சொன்ன பதில் எனக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைத்ததில்லை. வெப்பமானியின் உணரி கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். மட்டம் இறங்கி, உணரியைச் சுற்றிக் காற்றுக்குமிழி உட்கார்ந்துவிட்டால், எஞ்சின் தலை வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதாரணமாக நிற்கலாம். "கரையில இருந்தா டோ டிரக் கூப்பிடலாம். செம்பிலான்ல யாரைக் கூப்பிடுவீங்க?" என்று அவர் கேட்டார். பாக் சிக் பதில் சொல்லவில்லை. படகை விட்டுவிட்டுப் போனார்.

ஊறுதா, கசியுதா, சொட்டுதா?

அந்த மூத்த மெக்கானிக்கை மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர். என்னிடம் தமிழ், பாக் சிக்கிடம் மலாய், முதலாளியிடம் அவருடைய சீன வட்டார மொழி என்று ஒரே மூச்சில் மூன்று மொழி பேசுவார். எஞ்சின் பாகங்களின் பெயர்கள் மட்டும் மூன்று மொழியிலும் ஆங்கிலமாகவே இருக்கும்.

ஆனால் கசிவைப் பற்றிப் பேசும்போது அவர் முழுத் தமிழர். "முதல்ல ஒன்னு முடிவு பண்ணணும்மா. இது ஊறுதா, கசியுதா, சொட்டுதா, ஒழுகுதா?" என்றார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. அவருக்கு நான்கும் நான்கு நோய். ஊறல் என்றால் ஈரம் மட்டும் தெரியும், கீழே விழாது. பழைய ரப்பர் ஹோஸ் ஊறும். கசிவு காய்ந்து படிவாக நிற்கும்; இணைப்புகள் கசியும். சொட்டுவதற்கு நேரக்கணக்கு உண்டு. பம்பின் சீல் சொட்டும். ஒழுகினால் தேடவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் நான் படித்த அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருந்தன. தமிழில் பொறியியல் பேச முடியாது என்று சொல்பவர்களை ஒரு நாள் இந்தப் பட்டறைக்குக் கூட்டிவர வேண்டும்.

அவர் கேள்விக்குப் பதில் சொல்ல அளவு வேண்டும். 'இரண்டு பயணத்துக்கு ஒரு போத்தல்' என்பது அளவல்ல. இங்கேதான் என் படிப்பு கொஞ்சம் உதவியது. சூடானால் கூலண்ட் விரியும். காலையில் 28 டிகிரியில் இருப்பது, ஓடும்போது 80 டிகிரிக்குப் போனால், ஏறக்குறைய 3 விழுக்காடு பெருகும். அந்த எஞ்சின் 12 லிட்டர் கொள்ளும். அப்படியென்றால் கசிவே இல்லாவிட்டாலும் சூட்டில் பார்க்கும் மட்டத்துக்கும் குளிர்ந்தபின் பார்க்கும் மட்டத்துக்கும் 360 மில்லிலிட்டர் வித்தியாசம் வரலாம்! நாம் தேடும் அளவைவிட இந்த ஏமாற்றம் பெரியது. அதனால் காலை ஆறரை மணிக்கு, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். சேமிப்புப் போத்தலில் ஒரு கோடு ஒட்டினேன். பயணம் முடிந்த மறுநாள் காலை, மருந்துக்கடையில் வாங்கிய அளவுக்குவளையால் அந்தக் கோடுவரை ஊற்றுவேன். ஊற்றிய அளவுதான் இழப்பு. படகு மிதப்பதால் யாராவது பின்பக்கம் நின்றால்கூட மட்டம் சாயும். ஆகவே அந்த நேரத்தில் படகில் என்னைத் தவிர யாரும் இருக்கக்கூடாது என்பதும் விதி.

முதல் அளவு 240 மில்லிலிட்டர். எஞ்சின் அன்று எட்டு மணி நேரம் ஓடியிருந்தது. மணிக்கு 30 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால், ஆறு நொடிக்கு ஒரு சொட்டு. ஆறு நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் எட்டு மணி நேரத்தில் எஞ்சின் அடியில் ஒரு பச்சைக் குட்டையே நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒன்று, சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிறது. அல்லது, வெளியே வரவே இல்லை.

வெள்ளையும் பச்சையும்

முதலில் வெளியே தேடினோம். தேடுவதற்கு முன் கழுவினோம். பத்து வருட எண்ணெய் அழுக்கின் மேல் புதிய கசிவைத் தேடுவது, சந்தைக்கூட்டத்தில் ஒரு செருப்புச் சத்தத்தைத் தேடுவதுபோல. எஞ்சினைத் துடைத்து, அடிப்பள்ளத்தை உலரவைத்து, வெள்ளைக் காகிதத் துவாலைகளை வரிசையாக விரித்தோம். பிறகு ஜெட்டியில் கட்டியபடியே எஞ்சினை ஓடவிட்டு, கைவிளக்கும், பல் மருத்துவர் வைத்திருப்பதுபோல் பிடியுள்ள சிறு கண்ணாடியுமாக உட்கார்ந்தோம்.

இரண்டு தடயங்கள் கிடைத்தன. கடல்நீர்ப் பம்பின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அங்கிள் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கூலண்ட் காய்ந்தால் அதன் சாயம் தங்கும். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பிசுபிசுப்பாக இருக்கும். கடல்நீர் காய்ந்தால் வெள்ளைப் பொடி. ஆக அது வேறு தண்ணீர், வேறு நோய். அங்கே ஒரு சிறு ஓட்டை இருப்பதையும் காட்டினார். அது உடைந்த ஓட்டை அல்ல, வேண்டுமென்றே வைத்தது. பம்பின் சீல் தேய்ந்து நீர் தாண்டும்போது, அது பக்கத்தில் உள்ள பேரிங்கையோ எண்ணெயையோ கெடுக்காமல் வெளியே வந்து விழுவதற்கான வழி அது. கூலண்டைச் சுற்றிவிடும் பம்பிலும் இப்படி ஒன்று உண்டு. அங்கிள் அதை 'அழுற ஓட்டை' என்பார். பம்பு அழ ஆரம்பித்தால் ஆறுதல் சொல்லி அடைக்கக்கூடாது, சீலை மாற்ற வேண்டும். அந்த ஓட்டையைப் பசை வைத்து அடைத்து, ஒரு மாதத்தில் பேரிங்கை இழந்தவர்களின் கதை அவரிடம் நிறைய இருந்தது.

இரண்டாவது தடயம் எஞ்சினின் பின்புறம், தெர்மோஸ்டாட் கூட்டுக்கு அடியில். அங்கிளின் கை அங்கே நுழையாது. என் கை நுழைந்தது. ஹோஸின் கிளாம்ப் ஓரத்தில் பிசுபிசுவென்று ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தால் பச்சை. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றினோம். அன்றே வேலை முடிந்தது என்று பாக் சிக்குக்குச் சொல்லியிருக்கலாம். அங்கிள் சொல்லவில்லை. "இந்தப் படிவு இருக்கிற அளவுக்கு 240 அதிகம்மா. ஒரு பயணம் போய்ட்டு வரட்டும்" என்றார்.

வந்தது. 170 மில்லிலிட்டர். அடுத்த பயணத்தில் 175. குறைந்திருந்தது, நிற்கவில்லை. ஒரு கசிவைக் கண்டுபிடித்த திருப்தியில் இரண்டாவதைத் தேடாமல் விடுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பதாம்.

உள்ளே போகும் வழிகள்

வெளியே இல்லையென்றால் உள்ளே. உள்ளே என்றால் மூன்று இடங்கள்தான். எஞ்சின் எண்ணெய்க்குள், சிலிண்டருக்குள், அல்லது கடல்நீருக்குள்.

எண்ணெயில் கூலண்ட் கலந்தால் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்துவிடும். அளவுக்கம்பியை எடுத்துப் பார்த்தோம். எண்ணெய் கறுப்பாக, தெளிவாக இருந்தது. சிலிண்டருக்குள் போனால் காரில் வெள்ளைப் புகை தெரியும். படகில் அந்த வசதி இல்லை, ஏனென்றால் புகையோடு கடல்நீரும் சேர்ந்தே வருவதால் எப்போதும் கொஞ்சம் ஆவி பறக்கும். அதற்கு வேறு சோதனை உண்டு. கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகும். அந்த வாயுவில் கரியமிலவாயு இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கூலண்ட் தொட்டிக்கு மேலுள்ள காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். கரியமிலவாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். உயிரியல் ஆய்வுக்கூடத்தில் சுவாசத்துக்குச் செய்யும் சோதனையின் உடன்பிறப்புதான் இது. நீலம் நீலமாகவே இருந்தது. எஞ்சின் தலையைக் கழற்றச் சொன்ன யோசனை அங்கேயே செத்தது. பாக் சிக்கின் விடுமுறை வருமானம் பிழைத்தது.

பிறகு அழுத்தச் சோதனை. மூடிக்குப் பதிலாக, மானி பொருத்திய சிறு கைப்பம்பை மாட்டி 0.9 பார்வரை ஏற்றினோம். அதற்கு மேல் போகக்கூடாது. மூடி தாங்கும் அளவுதான் எல்லை. காலை வேளையில், நிழலில் செய்தோம். வெயில் ஏறினால் உள்ளே சூடாகி அழுத்தம் தானே கூடும், சோதனை பொய் சொல்லும். அரை மணி நேரத்தில் முள் 0.8-க்கு இறங்கியது. வெளியே எங்கும் ஈரமில்லை.

மிஞ்சியது கடல்நீர். வெப்பமாற்றியின் குழாய்களில் ஒன்றில் ஊசித்துளை இருந்தால், எஞ்சின் ஓடும்போது அழுத்தம் அதிகமுள்ள கூலண்ட் கடல்நீருக்குள் போகும். அது புகைப்போக்கி வழியாகக் கடலுக்குப் போய்விடும். ஒரு சொட்டுகூடப் படகுக்குள் விழாது. சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எஞ்சினை நிறுத்திக் குளிர்ந்தால் கூலண்ட் சுருங்கும். உள்ளே அழுத்தம் குறையும். அப்போது அதே துளை வழியாகக் கடல்நீர் உள்ளே வரலாம். கூலண்ட் வெளியே போவதைவிட இது மோசம். போன கூலண்டைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். உள்ளே வந்த உப்பு எஞ்சினின் இரும்பை உள்ளிருந்து தின்னும்.

உப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க, பாக் சிக் தன் விரலைக் கூலண்டில் நனைத்து வாய்க்குக் கொண்டுபோனார். அங்கிள் அவர் கையைத் தட்டிவிட்ட வேகத்தை நான் மறக்க மாட்டேன். எத்திலீன் கிளைக்கால் நச்சு. அதன் ருசியோ இனிப்பு. சிந்தினால் பூனைகள் நக்கிவிடும் என்று, பட்டறையில் ஒரு துளி விழுந்தாலும் கழுவிவிடச் சொல்பவர் அவர்.

ருசி பார்க்காமல் உப்பைக் கண்டுபிடிக்க நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குளோரைடு அயனிக்கான சோதனை நினைவிருக்கிறதா? நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு வெள்ளி நைட்ரேட். வெள்ளை வீழ்படிவு வந்தால் குளோரைடு உண்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி. அந்த வார இறுதியில் மூன்று சிறு போத்தல்களோடு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வேதியியல் படிக்கும் என் தோழி, ஆய்வுக்கூடப் பொறுப்பாளரின் அனுமதியோடு செய்துகாட்டினாள். ஒன்றில் புதிய கூலண்ட். இரண்டாவதில் ஜெட்டிக் குழாய்த் தண்ணீர். மூன்றாவதில் படகின் கூலண்ட். குழாய்த் தண்ணீர் எதற்கு என்று அவள் கேட்டாள். பாக் சிக் அவசரத்துக்கு அதையும் ஊற்றியிருக்கிறார். குடிநீரிலும் கொஞ்சம் குளோரைடு இருக்கும். அதை ஒதுக்காமல் கடலைக் குற்றம் சாட்ட முடியாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு. குடிநீரில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. புதிய கூலண்ட் ஏறக்குறைய அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீர் இலேசாக மங்கியது. படகின் கூலண்ட், பால் ஊற்றியதுபோல் வெளுத்தது.

தொட்டிக்குள் ஒரு குமிழி

திங்கட்கிழமை வெப்பமாற்றியைக் கழற்றினோம். கூலண்ட் போகும் வாய்களில் ஒன்றை அடைத்து, மற்றொன்றில் அழுத்தப் பம்பை மாட்டி, முழு உருளையையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினோம். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பதுதான், வேறொன்றுமில்லை. திரவத்துக்குப் பதிலாக ஏன் காற்று? தண்ணீரின் பிசுக்குமை காற்றைவிட ஏறக்குறைய 50 மடங்கு அதிகம். தண்ணீர் தயங்கும் துளையில் காற்று தாராளமாகப் போகும்.

நாற்பது குழாய் வாய்கள். முதலில் ஒன்றுமில்லை. ஒட்டிக்கொண்டிருந்த குமிழிகளை விரலால் தட்டிவிட்டுக் காத்திருந்தோம். பிறகு கீழ்வரிசையில் ஒரு வாயிலிருந்து, கடுகு அளவில் ஒரு குமிழி வெளியேறியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் நிற்காத ஒரு மெல்லிய சரம். அங்கிள் சிரித்துக்கொண்டே கோப்பி வாங்கிவரப் போனார். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரமாகத் தாளில் மட்டும் இருந்த ஒரு எண்ணைக் கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம்.

துளை ஏன் வந்தது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வெப்பமாற்றியின் ஓரத்தில் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். அதன் உள்முனையில் பென்சில்போல் ஒரு துத்தநாகக் கம்பி கடல்நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மின்வேதித் தொடரில் துத்தநாகம் செம்பைவிட வினைத்திறன் மிக்கது. அரிப்பு வரும்போது அது முதலில் தன்னைக் கொடுத்துச் செம்பைக் காப்பாற்றும். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க ஹம்ஃப்ரி டேவி 1824-ல் முன்வைத்த அதே உத்தி. அப்போது செம்பு அரிக்கவில்லை. ஆனால் கரையாத செம்பின்மேல் கொட்டலசும் பாசியும் தாராளமாக வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்ததால் கடற்படை அதைக் கைவிட்டது என்பது ஒரு சுவையான துணைக்கதை. எங்கள் படகில் திருகைக் கழற்றிப் பார்த்தால் கம்பியே இல்லை. முழுக்கக் கரைந்துவிட்டது. பாதி தேய்ந்ததுமே மாற்றியிருக்க வேண்டும். வெளியே பளபளக்கும் பித்தளைத் தலையைப் பாக் சிக் மாதந்தோறும் துடைத்து வந்திருக்கிறார். அதற்கு உள்ளே ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஆக, துத்தநாகம் போனதே காரணம் என்பது அங்கிளின் முடிவு. எனக்கு முழுச் சம்மதமில்லை. துளை விழுந்த குழாயின் வாயில், பழைய இம்பெல்லரிலிருந்து உடைந்த ஒரு ரப்பர்த் துண்டு சிக்கியிருந்தது. அதைச் சுற்றி நீர் சுழன்று சுழன்று அடித்தால், செப்பு-நிக்கல்மீது இயல்பாகப் படியும் காப்புப் படலம் அங்கே உரிந்துபோகும். துத்தநாகம் இல்லாதது நாற்பது குழாய்களுக்கும் பொது. ரப்பர் இருந்தது ஒன்றில். துளையும் அந்த ஒன்றில். நான் இதைச் சொன்னபோது அங்கிள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் சேர்ந்து செஞ்ச வேலைன்னு எழுதிக்கோ" என்றார். அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். ரப்பரை முதலில் எழுதினேன்.

கசிவை அடைக்கும் தூளைப் பற்றியும் அன்று பேச்சு வந்தது. அதைப் போட்டிருந்தால் இந்த ஊசித்துளையை அடைத்திருக்கக்கூடும் என்பதை அங்கிள் மறுக்கவில்லை. ஆனால் தூளுக்குத் துளை எது, வழி எது என்று தெரியாது. கூலண்ட் போகும் குறுகிய இடைவெளிகளிலும் அது படியும். கிளாம்பும் ரப்பர்த் துண்டும் தேய்ந்துபோன துத்தநாகமும் அப்படியே மறைந்திருக்கும்.

புதிய குழாய்த் தொகுதி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை அந்த ஒரு குழாயின் இரு முனைகளையும் பொருத்தமான அடைப்பான்களால் மூடினோம். நாற்பதில் ஒன்றை இழப்பதால் குளிர்விக்கும் திறன் பெரிதாகக் குறையாது. உப்பு கலந்த கூலண்டை முழுக்க வடித்து, நல்ல தண்ணீரால் பலமுறை அலசி, புதிய கலவையை ஊற்றினோம். வடித்ததை ஆற்றில் கொட்டாமல் மூடிய கலனில் சேர்த்து வைத்தோம். புதிய துத்தநாகம் போட்டோம். 0.9 பார் ஏற்றி ஒரு மணி நேரம் பார்த்தோம், முள் அசையவில்லை.

விடுமுறையின் முதல் சனிக்கிழமை பாக் சிக் எட்டுப் பேரோடு கடலுக்குப் போனார். மறுநாள் காலை ஆறரைக்கு நான் அளவுக்குவளையோடு போனேன். கோட்டுக்கும் மட்டத்துக்கும் இடையே ஒரு முடி அளவுகூட இடைவெளி இல்லை. நான் ஊற்ற ஒன்றும் இல்லை. பாக் சிக் பனிப்பெட்டியைத் திறந்து, வீட்டுக்கு எடுத்துப்போ என்று ஒரு செங்கண்ணி மீனைக் கொடுத்தார்.

குழாய்த் தொகுதி என் ஒன்பதாவது வாரத்தில் வந்தது; பொருத்தியாகிவிட்டது. சேமிப்புப் போத்தலில் நான் ஒட்டிய கோட்டை எடுக்க வேண்டாம் என்று பாக் சிக் சொல்லிவிட்டார். கடல்நீர்ப் பம்பு இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறது. அதன் சீலை, படகை அடுத்த முறை கரையேற்றும்போது மாற்றுவதாகத் திட்டம்.